மதியத்துக்கு முன் வந்த இடி

எங்கள் அப்பாவுக்கு ஜென்மப் பகை என்று ஒன்று உண்டென்றால் அது கோடை வானத்தோடுதான். கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பது அவர் வேலை. துளை போட்டு, மருந்தை இறக்கி, வயரை இணைத்துவிட்டால் பிறகு திரும்ப எடுக்க முடியாது, வெடித்தே தீரவேண்டும். அந்த நேரம் பார்த்து மின்னல் விழுந்தால் அதுவே வெடிக்க வைத்துவிடும். மழைக்காலத்து மழையாவது சொல்லிவிட்டு வரும். கோடையில் மலைக்குப் பின்னாலிருந்து வருகிற சனியனுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. துணியைக் காயப்போட்டுத் திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

எப்போதும் வானத்தையே பார்ப்பதால் குவாரியில் அவருக்கு 'ரேடியோ' என்று பேர். "மாமா, ரேடியோ இன்னைக்கு என்ன சொல்லுது? குடை எடுக்கட்டுமா?" என்று தினமும் வம்பிழுப்பவர் அம்மாவின் தம்பி, என் மாமா. தாயில்லாப் பிள்ளையை அம்மாதான் தூக்கி வளர்த்தாள். அப்பா அவரைக் குவாரியில் பொக்லைன் ஓட்டச் சேர்த்துவிட்டார். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அந்த ரகம்.

அந்த வருஷம் இடிமழை சாயங்காலம் சாயங்காலமாக வந்து வேலையைக் கெடுத்தது. அதனால் காலையிலேயே மருந்து இறக்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன் வெடித்து முடிப்பதென்று அப்பா ஏற்பாடு செய்தார். நல்ல யோசனை என்று முதலாளிகூடப் பாராட்டினார். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு நாள் காலையிலேயே, கடைசி வயரை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது மலைப்பக்கம் உறுமியது. அப்பா சங்கை ஊதவிட்டு எல்லோரையும் கொட்டகைக்கு விரட்டினார். கூடவே ஆலங்கட்டி. தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்கவில்லை. தலையை எண்ணிப் பார்த்தால் மாமாவைக் காணோம்.

அவர் வெடி வைத்த பாறைக்கு அடியில், பொக்லைனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். சங்கு அவர் காதில் விழவே இல்லை. மேலே மருந்து இறங்கிவிட்டதென்றும் தெரியாது. போனில் டவர் இல்லை. அப்பா வெளியே வந்து இரண்டு கையையும் வீசி வீசிக் கூப்பிட்டார். நனைகிற ரேடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாமாவும் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

அப்பா ஓடினார். பாதி வழியில் ஒரு மின்னல் மலையில் இறங்கியது. நின்றார். அப்படியே திரும்பிக் கொட்டகைக்கு ஓடி வந்துவிட்டார். அவர் வந்து தூணைப் பிடித்தபோது அடுத்தது விழுந்தது. மருந்து வெடித்து, பாறை மொத்தமும் பொக்லைன் மேல் சரிந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான். "மருந்து இறக்கியாச்சுன்னா மின்னல் நேரத்துல யாரும் உள்ள போகக் கூடாதும்மா. அதான் சட்டம். இவரும் போயிருந்தா ரெண்டு உயிரு" என்றார் மேஸ்திரி. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர்களிடம் அவளே சொல்ல ஆரம்பித்தாள். "அவர் என்ன பண்ணுவாரு, பாவம். சட்டம் அப்படி." அந்த ஒரு பேச்சின் தயவில்தான் எங்கள் வீட்டில் மறுபடி அடுப்பு எரிந்தது.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த அப்பா, தட்டைத் தள்ளி வைத்தார்.

"சட்டமெல்லாம் எனக்கு அப்ப ஞாபகமே வரல. நீங்க எல்லாரும் சொன்னப்புறம்தான் வந்துச்சு. எனக்குப் பயம். செத்துருவேன்னு பயம். அதான் திரும்பிட்டேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதையாவது எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அம்மா அந்தச் சட்டத்தைச் சொல்லவே இல்லை.