பீரங்கித் தூணின் பள்ளம்

கயிற்றுக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. கூடப் பிறந்த தம்பி, வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக, ஊர் பார்க்க வந்தவர்களுக்கு மைக்கில் பழைய துறைமுகத்தின் கதையை அளந்துகொண்டிருந்தான். யார்? மூன்றே வருஷம் துறைமுகக் கேண்டீனில் டீ ஆற்றியவன்!

கயிற்றுக்காரர் அங்கே முப்பத்தோரு வருஷம் உழைத்தவர். கப்பலிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்து, அதோடு வரும் கம்பி வடத்தை இழுத்துக் கரைத் தூணில் மாட்டுகிற வேலை. தூண்கள் என்றால் பீரங்கிகள். ஊரை ஆண்ட ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டம் விரட்டிக் கோட்டையை இடித்தபோது மிஞ்சியவை. கப்பல் கட்ட உதவுமென்று, வாய் மேலே தெரிய அவற்றைப் பாதி புதைத்துவிட்டார்கள். அந்த ஊர் எதையும் தூக்கிப் போடாது. கோட்டைக் கல் கிடங்கானது, கிடங்கு சுங்க அலுவலகமானது, இப்போது அது காபிக் கடை.

பெரிய கப்பல்கள் புதுத் துறைமுகத்துக்குப் போனதும், பழையதைக் காட்சி இடமாக்கிக் கதை சொல்ல ஆள் தேடினார்கள். கயிற்றுக்காரரும் போனார். மைக்கைக் கையில் கொடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. தம்பிக்குத்தான் வாய் காதுவரை உண்டே, அவனை எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, மூணாவது தூணு கழுத்துல ஒரு பள்ளம் இருக்கே, அது எப்படி வந்துச்சு?"

அவர் அப்பா காலத்திலிருந்து அவர் காலம்வரை கம்பி வடம் உராய்ந்து உராய்ந்து விழுந்த பள்ளம் அது. அவருடைய இடதுகைச் சுண்டுவிரல் அங்கேதான் நசுங்கிப் போனது. விரல் போனது வீட்டுக்கே தெரியும். எந்தத் தூண் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சொல்லியிருக்கலாம். இதையும் இவனே ஏப்பம் விடட்டுமா என்று வீம்பு வந்துவிட்டது.

"கப்பல்ல போன புருஷன் வரலைன்னு ஒருத்தி தினமும் அந்தத் தூணைக் கட்டிக்கிட்டு அழுவாளாம். அவ வளையல் தேய்ச்ச பள்ளம்டா."

வளையல் தேய்த்து இரும்பில் பள்ளம்! இதைச் சொல்லி நாலு பேர் சிரிக்கட்டும், மானம் கப்பலேறட்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் காபிக் கடையில் ஒளிந்து நின்றார். தம்பி சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். இன்னொருத்தி தன் வளையலைப் பள்ளத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். கயிற்றுக்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மூன்றாவது தூணருகே புதுப் பித்தளைப் பலகை. வளையல்காரியின் கதை முழுக்க அதில் இருந்தது. அடியில் அவர் பேர்: 'சொன்னவர், முப்பத்தோரு ஆண்டுகள் இத்துறைமுகத்தில் கயிறு பிடித்தவர்.'

"என் பேரைத்தான் போடறேன்னாங்க. நான் விடலைண்ணே. இது எங்கண்ணன் சொன்ன கதை, அவர் பேர்தான் இருக்கணும்னு அடம்பிடிச்சு வாங்கினேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "எத்தனை வருஷம் உழைச்ச! இந்த இடத்துல உன் பேர் ஒண்ணு வேண்டாமா?"

பாவி, நல்லவனாகவும் இருந்து தொலைத்தானே! கயிற்றுக்காரருக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இடதுகை தானாகப் பள்ளத்துக்குள் போனது. சுண்டுவிரல் இருந்த இடம் சுருக்கென்றது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் பலகையைப் படித்துவிட்டுக் கேட்டாள். "பெரியவரே, இது நிஜமாவே அந்தம்மா வளையல் தேய்ச்சதுதானா?"

தம்பி பெருமையோடு மைக்கை அவர் வாயருகே நீட்டினான்.

இந்த முறை தொண்டை அடைக்கவில்லை. "ஆமாம்மா," என்றார் கயிற்றுக்காரர், இடதுகையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. "அவதான் தேய்ச்சா."