லீவில் இருப்பவர் பேசக்கூடாது

வகுப்புக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு தமயந்தி சட்டைப்பையைப் பார்ப்பார். பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிய பம்பு ரீடிங், பீடிக்கட்டுக் காகிதத்தில் குறித்த ஸ்டோர் சாமான்கள் என்று எது இருந்தாலும் வாசல் மேஜையிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். போன வாரம் ஒருவர் காலிப் பையை இழுத்துக் காட்டிப் பெருமையாகச் சிரித்தார்.

"கையக் காட்டுங்க" என்றார் தமயந்தி.

உள்ளங்கை முழுக்க நீல மையில் எண்கள்.

"மதியம் கறிக்கொழம்பாங்க?"

"ஆமாங்க மேடம். எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. ஆனா சாப்டுட்டு நீங்க கை கழுவுனா உங்க பம்பு ரீடிங் போயிடும். அது தெரியும்."

நெய்வேலிச் சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இராப்பகலாக இறைக்கும் பம்புகளைப் பராமரிக்கிறது ஓர் ஒப்பந்த நிறுவனம். அதன் ஃபிட்டர்களுக்கும் ஸ்டோர் ஆட்களுக்கும் காகிதத்தை எப்படி எழுதுவது, எங்கே வைப்பது, எதை எப்போது கிழித்துப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் தமயந்தியின் வேலை. குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். புடவை மடிப்பு கலையாது, வகுப்பு முடியும்வரை உட்கார மாட்டார். வெள்ளை மையைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. எழுத்துப் பிழையை மூடி மறைக்கும் அந்தச் சின்னப் புட்டி யார் மேஜையில் இருந்தாலும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்.

"தப்பை ஏங்க பூசி மொழுகுறீங்க? ஒரு கோடு இழுங்க. பக்கத்துல சரியானத எழுதுங்க. கையெழுத்து போடுங்க. நாமதான் தப்பு பண்ணோம்னு தெரிஞ்சா குடியா முழுகிப்போயிடும்?"

"தமயந்தி வூட்ல ஒரு கரண்டி மொளகாத்தூள் வாங்கணும்னாகூட கையெழுத்து போடணும்" என்று பக்கத்து வீட்டுச் செவ்வந்தி பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். தமயந்தி மறுப்பதில்லை.

அவருடைய வகுப்பின் கடைசி நாளுக்கு ஆட்கள் வைத்த பெயர் 'லீவு பரீட்சை'. ஒவ்வொருவரும் தங்கள் பிரிவின் ஃபைல்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டும். தமயந்தி ஒரு காகிதத்தைக் கேட்பார். தேடி எடுக்க வேண்டியவர் வேறு ஒருவர்; அவருக்குக் கிடைத்தால்தான் பெட்டி கொண்டுவந்தவர் தேறுவார். பெட்டிக்குச் சொந்தக்காரர் ஓரமாக நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஏனென்றால் அவர் லீவில் இருக்கிறார்.

இந்தப் பரீட்சை பிறந்த கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். தமயந்தி பம்பு நிலைய அலுவலகத்தில் கணக்கராக இருந்த ஒரு மழைக்காலம். ஒரு பம்பு நின்றுவிட்டது. அதைத் திறந்து பார்க்க வேண்டுமானால் வரைபடம் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அங்கே வேலை பார்த்த கோபாலகிருஷ்ணன் ஒருவர்தான். அவரோ அன்று காலை தாயைப் பறிகொடுத்துவிட்டு ஊரில் இருந்தார். வேறு வழியில்லாமல் போன் போட்டார்கள். சாவு மேளத்துக்கு நடுவே, கொள்ளிச்சட்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, "அந்தப் பச்ச பீரோவுக்குப் பின்னாடி சொருவி வச்சிருக்கேன் பாருங்க" என்று அந்த மனிதர் வழி சொன்னார். போனைக் காதில் வைத்திருந்தவர் தமயந்தி.

"அந்த மேளச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குங்க. ஒரு மனுசன நிம்மதியா அழவிடாத ஆபீஸ் என்னங்க ஆபீஸ்?"

இத்தனை கறாரான தமயந்தியின் வகுப்புக்குத்தான் இந்த வருடம் அவருடைய கணவர் ஜெயகணேஷும் வந்து சேர்ந்தார். தலை நரைக்கும்வரை ஃபிட்டராக உழைத்தவர். ஷிப்ட் சூப்பர்வைசர் பதவிக்குப் பெயர்ப் பட்டியல் எடுக்கிறார்கள்; பயிற்சியில் தேறியவர்களுக்குத்தான் அதில் இடம். முதல் நாள் அவர் வாசலில் நின்று, "உள்ள வரலாமா மேடம்?" என்றதும் வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது.

"அண்ணே, இன்னிக்கு ராத்திரி வூட்ல சோறு உண்டா?" என்று ஸ்டோர் விஜயராஜ் கேட்டார்.

"அட்டெண்டன்ஸ் போட்டாத்தான் சோறு" என்றார் ஜெயகணேஷ்.

சிரிப்பெல்லாம் பரீட்சை நாள்வரைதான். ஜெயகணேஷின் பெட்டியில் மூன்று ஃபைல்கள். 'முக்கியம்'. 'ரொம்ப முக்கியம்'. 'ஜெயகணேஷ் மட்டும்'. மூன்றாம் நம்பர் பம்புக்குக் கடைசியாகப் பேரிங் மாற்றிய ரிப்போர்ட்டை எடுக்கச் சொன்னார் தமயந்தி. விஜயராஜ் வியர்க்க வியர்க்கத் தேடினார். அவர் கை மூன்றாவது ஃபைலைத் தொட்டபோது ஜெயகணேஷ் லேசாக இருமினார்.

"சார், லீவுல இருக்கறவங்க இருமுனா இங்க கேக்காதுங்க."

"தூசி மேடம்."

தமயந்தி கணவரின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, அவர் பெயருக்கு நேரே 'தேறவில்லை' என்று எழுதினார்.

அன்று மாலை வீட்டில் தட்டுச் சத்தம்தான் கேட்டது.

"எங்க அம்மா கேட்டா என்னன்னு சொல்றது? கட்டிகினவளே கவுத்துட்டான்னு சொல்லவா?"

"சொல்லுங்க. தொணைக்கு நானும் வரேன்."

சொல்லிவிட்டார். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார். இருமலைக் கேளாதது போல இருந்திருந்தால் கணவருக்குப் பதவி கிடைத்திருக்கும். அப்புறம் நாளைக்கு எந்த முகத்தோடு இன்னொருவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்வது?

பட்டியல் வெளியாவதற்கு முன்பு இன்னும் ஒரே ஒரு வகுப்புதான் இருந்தது. ஜெயகணேஷ் வீறாப்பை விழுங்கிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கூடம் முழுக்கக் காகிதத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு, "இத எதுல சேக்கறது?" என்று மனைவியிடம் கேட்டும் பார்த்தார்.

"வகுப்புல கேளுங்க சார்" என்று காகிதங்களை மிதிக்காமல் தாண்டிப் போனார் தமயந்தி.

பரீட்சை நாள் வந்தது. ஜெயகணேஷின் பெட்டியில் அதே மூன்றாம் நம்பர் பம்பின் பேரிங் ரிப்போர்ட்டைத் தேட, வளையமாதேவியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பவித்ராவைக் கூப்பிட்டார் தமயந்தி.

"மேடம், அந்தப் பொண்ணு இன்னும் பம்பையே பாக்கலீங்க" என்று பின்வரிசையில் ஒருவர் முனகினார்.

"அதுக்குத்தாங்க கூப்புட்டேன்."

ஜெயகணேஷ் எழுந்து போனார். யாரும் சொல்லாமலே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கண்கூட ஜாடை காட்டிவிடக் கூடாதல்லவா! பவித்ரா பெட்டியைத் திறந்தாள். பம்பு நம்பர்படி ஃபைல்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டு. அவள் விரல் மூன்றாம் நம்பரைத் தாண்டிப் போனது. ஜெயகணேஷின் முதுகு அசையவில்லை. தமயந்தி ஜன்னலைப் பார்த்தார். விரல் திரும்பி வந்தது. ஃபைல் திறந்தது. இரண்டு தாள் புரண்டது.

"கெடச்சிடுச்சுங்க மேடம்."

"சார், லீவு முடிஞ்சிருச்சு. திரும்புங்க" என்றார் தமயந்தி. குனிந்து, ஜெயகணேஷின் பெயருக்கு நேரே 'தேறினார்' என்று எழுதினார்.

வகுப்பு நாட்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து போவதில்லை. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று தமயந்தி நடந்துதான் போவார். அன்று அவர் வெளியே வந்தபோது படியருகிலேயே வண்டி நின்றது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் பார்க்க, ஜெயகணேஷ் இஸ்திரி போட்ட கைக்குட்டையை எடுத்து, பின்சீட்டில் படிந்த கரித்தூசியைத் துடைத்தார். மனம் ஒப்பாமல், மறுபக்கம் மடித்து இன்னொரு தடவை துடைத்தார்.

"ஒக்காருங்க மேடம்."

தமயந்தி கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கணவரின் தோளில் கையை வைத்தார்.