ஒரு பிரதி கூடுதல்

மருத்துவமனைக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்காரர், வருகிறவர்களின் காகிதத்தில் ஒரு பிரதியைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு. சலூன்காரர் கணக்கில் அவர் அதை வங்கிக்கு விற்கிறார். வாட்ச்மேன் கணக்கில் கடைக்குள் ஒரு பெட்டி இருக்கிறது, திறந்தால் பாதி ஊர் உள்ளே போகும். அந்தப் பாதியில் அவரும் உண்டா என்று கேட்டதற்கு, வாட்ச்மேன் கேட்டைப் பூட்டப் போய்விட்டார்.

விசாரித்ததில் பேச்சு பொய்யில்லை, அளவுதான் பொய். பெட்டி கிடையாது, மேஜை இழுப்பறை. அதில் ஒன்பது தாள். ஒன்பதும் ஒரே மனிதருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள்.

இத்தனைக்கும் கடைக்காரர் இருபத்திரண்டு வருடமாகக் காகிதம் படிக்காதவர். எழுத்து தெரியாமல் இல்லை, தொழில் தர்மம். தாளைக் கவிழ்த்து வை, பொத்தானை அமுக்கு, ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார். ஊரின் விவாகரத்தும் கடனும் கட்டியும் அவர் கை வழியாகப் போயின, கண் வழியாகப் போகவில்லை. மாதா மாதம் மருத்துவமனை நர்ஸ் ஒரு நோட்டீஸ் கொண்டு வந்து ஐம்பது பிரதி வாங்குவார். அதையும் அவர் படித்ததில்லை.

அறுபத்தொன்றாவது வயதில் அவருக்கே புரோஸ்டேட் புற்றுநோய் வந்தது. டாக்டர் நான்கு நிமிடம் பேசினார். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, பிஎஸ்ஏ என்கிற எண் இறங்க வேண்டும், வேறு சந்தேகம் உண்டா என்றார். சந்தேகம் ஏழெட்டு இருந்தது. அதில் முக்கால்வாசி வேட்டிக்குள் இருக்கிற சந்தேகம், பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். “ஒண்ணுமில்லங்க” என்று எழுந்து வந்துவிட்டார். மச்சினன் தினமும் போனில் நாலு வீடியோ அனுப்பினான். முதல் வீடியோ குடிக்கச் சொன்னதை மூன்றாவது வீடியோ விஷம் என்றது.

அந்த நாட்களில்தான் பஸ் டிரைவர் வந்தார். ரிட்டயர் ஆனவர், குரல் மட்டும் ஆகவில்லை. டிப்போவுக்குக் கொடுக்க ஒரு பிரதி வேண்டும் என்று தாளை நீட்டினார். கவிழ்த்து வைக்கும்போது மூன்று எழுத்து கண்ணில் பட்டது. பிஎஸ்ஏ. கை தானாக இரண்டு என்று அமுக்கியது.

டிரைவரே உரக்கச் சொன்னபடி, அவருக்கு ஊசி தொடங்கி ஒரு மாதம் கழித்து இவருக்கு. ஆக, முன்னால் ஒரு பஸ் போகிறது, பின்னாலேயே போனால் போதும் என்று கடைக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டார். நாற்பத்தாறு, பதினொன்று, இரண்டு, அரை. டிரைவர் எண் இறங்க இறங்க இவர் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார். எதற்கு இந்தச் சந்தோஷம் என்று மனைவிக்குப் புரியவில்லை.

ஒரு நாள் மெஷின் பக்கத்தில் நின்றவருக்குத் திடீரென்று வேர்த்து ஊற்றியது. டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன முதலாளி, இப்படி வேர்க்குது?”

“மெஷின் சூடுண்ணே.”

“மெஷின் இன்னும் ஆனே பண்ணலியே.”

கடைக்காரர் சுவிட்சைப் போட்டார்.

“எனக்கும் இப்படித்தான் அனல் அடிக்கும். ஊசி பண்ற வேலை. வியாழக்கிழமை நாலு மணிக்கு எதிர்ல ஒரு கூட்டம் நடக்குது, இதெல்லாம் கூச்சமில்லாம பேசுவாங்க. ஐம்பது நோட்டீஸ் அடிக்கிறியே, அதுல ஒண்ண நீ படிச்சா என்ன?”

“நாம எங்கண்ணே படிக்கிறோம். ஒரு காப்பிதானே?”

“ஒண்ணுதான்” என்றார் டிரைவர். மெஷினிலிருந்து இரண்டு வந்தது.

ஏழாவது தாளில் எண் மூன்றாக ஏறியது. எட்டாவதில் பத்தொன்பது. ஒன்பதாவதில் எண்பத்தெட்டு. டிரைவர் மெலிந்துபோய், நாற்காலி கேட்டு உட்கார்ந்து வாங்கிப் போனார். முன்னால் போகிற பஸ் எங்கே போகிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தன் பரிசோதனைத் தேதி வந்தது, அவர் போகவில்லை. ஊசித் தேதி வந்தது, கடையில் கூட்டம் என்றார். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு அம்மா வந்தார். டிரைவரின் மனைவி; கையில் அவர் பெயர் போட்ட இறப்புச் சான்றிதழ். “பத்து காப்பி வேணும் தம்பி. எல்லா ஆபீஸ்லயும் ஆள் செத்ததை நம்பவே மாட்டேங்கிறாங்க.”

ஒன்பது வந்தது. பத்தாவது உள்ளே சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் வெளியே எடுக்கவில்லை.

“அவரு சொல்லச் சொன்னாரு” என்றார் அந்த அம்மா, அவர் முதுகைப் பார்த்து. “டிப்போவுல முதல் தடவ மட்டும்தான் கேட்டாங்க. அப்புறம் கொண்டு வந்ததெல்லாம் உங்களுக்காக. ‘அந்த ஆளு வாய் திறந்து கேட்க மாட்டான், நம்மளா கொண்டு போனாத்தான் உண்டு’ன்னு, நடக்க முடியாத அன்னிக்கும் வந்தாரு. சலூன்ல சிரிப்பா சொல்லப்போயி அது ஊரெல்லாம் சுத்திடுச்சு.”

மெஷினுக்குள் தாளை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“இன்னொண்ணும் சொன்னாரு. எண் ஏறினதையும் காட்டினது தப்பாப் போச்சோன்னு வருத்தப்பட்டாரு. ஒருத்தர் எண்ணை வெச்சு இன்னொருத்தர் கணக்குப் பாக்கக் கூடாதாம், நோயி ஒண்ணுன்னாலும் உடம்பு வேறயாம். கூட்டத்துல முதல்ல அதைத்தான் சொல்லுவாங்களாம். நீங்க போறீங்களா?”

“நாளைக்கு வியாழன் தானேக்கா” என்றார், தலையை வெளியே எடுக்காமலே.

“அந்தப் பத்தாவதை அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்” என்று, பத்துக்கும் காசு வைத்துவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

மறுநாள் நாலு மணிக்குக் கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போனார். முப்பது நாற்காலி, நாலு ஆண்கள். மேஜையில் அவர் அடித்த நோட்டீஸ் நாற்பத்தாறு அப்படியே இருந்தது. இவர் பில்லுக்கு வந்திருக்கிறார் என்று நர்ஸ் நினைத்து, “கேஷியர் கீழே” என்றார்.

“இல்லம்மா. நோட்டீஸ் படிச்சேன்.”

நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வேட்டிக்குள் இருந்த சந்தேகங்களில் இரண்டு அன்று வெளியே வந்தன. மற்ற நாலு பேரிடமும் அதே இரண்டு இருந்தன. கூட்டம் முடிந்ததும் நர்ஸே ரத்தம் எடுக்க அனுப்பினார். எண் கொஞ்சம் ஏறியிருந்தது. ஊசியைத் தவறவிட்டதாலா, உள்ளே வேறு கதையா என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரியும் என்றார்கள். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், அனல் அடிப்பதையும் சேர்த்து. அவள் எழுந்து மின்விசிறியை வேகமாக வைத்தாள்.

சிக்கிய தாளை எறிந்துவிட்டு அவர் புதிதாக ஒன்று எடுத்து வைத்தார். அது இழுப்பறையில், ஒன்பது தாளுக்கு மேலே கிடக்கிறது. அந்த அம்மா இன்னும் வரவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கலாம், வீடு இரண்டு தெரு தள்ளித்தான். விலாசம் பத்துத் தாளிலும் இருக்கிறது. கடைக்காரர் அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.