கத்தாத வாத்தியார்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இந்த ஒரு வரியை என் மனைவியிடம் சொல்ல எனக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது. பெண் பார்க்கப் போன அன்று மாமனார் கேட்டதற்கு "கொஞ்சம் வரும்" என்று சொல்லிவைத்தேன். வந்தது வணக்கமும் நன்றியும்தான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காரைக்கால் மாப்பிள்ளைக்கு இதுகூட வராதா என்று அவரும் நம்பிவிட்டார். அதன்பின் அந்தப் பொய்யைத் திரும்பப் பெற நல்ல சந்தர்ப்பமே அமையவில்லை.

சென்ற வருடம் அமைந்தது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவளுடைய சித்தப்பா மகன், போகும்போது ஒரு பென் டிரைவைக் கொடுத்தான். பாட்டு டீச்சர் ஒருத்தியைப் பற்றிய படம், பரிசெல்லாம் வாங்கியது, கீழே இங்கிலீஷில் எழுத்து வராது, ஆனால் அத்தானுக்கு என்ன கவலை என்றான். ஆமாம், எனக்கென்ன கவலை.

வீட்டில் அப்போது கொஞ்சம் புழுக்கமாக இருந்தது. காரணம் கார். பூவத்தில் தனியாக இருக்கும் மாமியாருக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும். எனக்கு லீவு கிடைக்கிறவரை அம்மா வலியோடு காத்திருக்கக் கூடாது, தானே ஓட்டிப் போவதாகச் சொல்லி என் மனைவி எல்.எல்.ஆர். எடுத்தாள். சொல்லிக்கொடுக்க நான். நாலரை மாதம் கழித்து ஒருநாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கு இது வராதுங்க" என்றாள். படம் கைக்கு வந்தபோது எல்.எல்.ஆர். காலாவதியாக ஐந்து வாரம்தான் பாக்கி.

நான் கத்தியிருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாளும் கத்தியதில்லை. ஜோக் அடிப்பேன், அவ்வளவுதான். கீழவாஞ்சூர் ரோட்டில் நிலக்கரி லாரிக்கு ஒதுங்கும்போது வண்டி அணைந்துவிடும். நான் கண்ணாடியை இறக்கி டீக்கடையைப் பார்த்து, கோழியையெல்லாம் பிடித்துக் கட்டுங்கள், அம்மா மறுபடி ஸ்டார்ட் பண்ணப் போகிறார்கள் என்பேன். கடையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் படத்தைப் போட்டோம். நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். அதாவது, கதை கட்ட ஆரம்பித்தேன். முப்பது வயது ஆள் ஒருவன் ஒரு பெண்மணியிடம் பாட்டு கற்றுக்கொள்ள வருகிறான். அவள் குரலை உயர்த்துவதே இல்லை. சிரித்துக்கொண்டே ஒரு விரலைத் தூக்குவாள், அவன் நிறுத்திவிடுவான். நாளாக ஆக அவன் பாடுவது குறைகிறது. வேலையை விடுகிறான். அவள் வீட்டுப் பாத்திரம் கழுவுகிறான். நான் "குருபக்தி" என்று விளக்கினேன்.

பிறகு ஒரு விருந்து. எல்லோர் முன்னாலும் அவனைப் பாடச் சொல்கிறாள். நடுவில் விரலைத் தூக்கி ஏதோ சொல்கிறாள். மேசையே சிரிக்கிறது. அவனும் சிரிக்கிறான்.

"பாராட்டுறாங்க" என்றேன்.

"பாராட்டினா கண்ணு ஏங்க இப்படி இருக்கு?" என்றாள் என் மனைவி.

அதற்குப் பிறகு அவன் சமையலறைக்குப் போய்க் கொதிக்கிற தண்ணீரைத் தன் தொண்டையில் ஊற்றிக்கொள்ளும் காட்சி வந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் ரிமோட்டைத் தேடினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே தவிர எழுந்து போகவில்லை.

படம் முடிந்ததும், ராட்சசி, இவளெல்லாம் ஒரு வாத்தியாரா என்று நான் பொங்கினேன். அந்தப் பொம்பளையைப் பார்த்தால் யார் ஞாபகம் வருகிறது தெரியுமா என்று கேட்டாள். அவளுடைய பழைய தலைமை ஆசிரியையைச் சொல்லப் போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நீங்கதான்."

"நான் என்னைக்குக் கத்துனேன்?"

"அவளும் கத்தலையே."

வழக்கம்போல ஒரு ஜோக் வாய்வரை வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன். டீக்கடை முன்னால் அவள் சிரித்த சிரிப்பை நினைத்துப் பார்க்க முயன்றேன். காதில் அந்தச் சத்தம் இருக்கிறது. கண் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. நான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்குப் பிரெஞ்சும் தெரியாது" என்றேன். அது கல்யாணம் ஆன முதல் வாரமே தெரியும் என்றாள்.

மறுநாள் காலை சாவியை எடுத்து நீட்டினேன். இனி வாயைத் திறப்பதில்லை, எதிரே மாடு வந்தால் மட்டும் சொல்வேன் என்றேன். சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

அரசலாற்றுப் பாலத்தில் வண்டி அணைந்தது. பின்னால் நாலைந்து ஹாரன். எனக்குள் அருமையான ஜோக் ஒன்று பிறந்து, அங்கேயே இறந்தது. பேச ஏதுமில்லாததால் அவளைப் பார்த்தேன். உதடு அசைய "கிளட்ச், கிளட்ச்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். ஒவ்வொரு கியருக்கும் முன்னால் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். நாலரை மாதமும் துடைத்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அடுத்த ஜோக்கை யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு அது எங்கே தெரியும்? வண்டி கிளம்பியது. ஐந்து வாரமும் அப்படியே போனோம், நான் ஊமையாக. டெஸ்டில் முதல் தடவையே பாஸ்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே பூவத்துக்கு ஓட்டினாள். நான் சும்மா துணைக்கு. மாமியார் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வாசலுக்கு வந்தார். ஸ்டீயரிங் பக்கம் போகிற மகளைப் பார்த்து நின்றார். நெகிழ்ந்தால் எனக்கு உளறல் வரும். முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தபடி, பாஸ் பண்ணவைத்த வாத்தியாருக்கு முன்சீட்டு உண்டுதானே என்று கேட்டேன்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்தபடியே சொன்னாள்:

"பின்னால உக்காருங்க."