நடுக்கம் நின்ற நாய்

பட்டிப் பொங்கல் எனப்படும் மாட்டுப் பொங்கலன்று பட்டியில் மூச்சுவிடும் எதுவும் குளிக்காமல் தப்பக் கூடாது என்பது அன்னூரில் என் பெரியப்பாவின் சட்டம். எருமை, காளை, கன்று, வெள்ளாடு என்று வரிசை நகர்ந்து, கோவையிலிருந்து நான் காரில் கொண்டுவந்திருந்த என் பதினோரு வயது நாயின் முறை வந்தது. மெலிந்த உடல், குட்டை முடி. காலை ஆறரை மணி. இரவெல்லாம் வெட்டவெளியில் கிடந்த தொட்டித் தண்ணீர்.

"வேண்டாங்க பெரியப்பா. வயசான நாய், குளிர் தாங்காது."

"ஏனுங்கம்மணி, இதென்ன ஊட்டிங்களா? அன்னூர்ல குளுர்ல செத்த நாயி ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்!"

சுற்றி நின்ற உறவினர் சிரித்தனர். பட்டிமன்றங்களில் பேசும் நான் அந்தச் சிரிப்பை அறிவேன். வாதம் கைவசம் இல்லாதவர்கள் அதை வைத்துத்தான் மேடையில் பிழைக்கிறார்கள். தான் பார்க்காதது உலகில் இல்லை என்று நம்பும் ஒருவரோடு வாதிடுவது எனக்கு இழுக்கு என்று தீர்மானித்து, கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

குடம் குடமாக ஊற்றினார்கள். நாய் வெடவெடத்தது. ஈரத்தோடு தென்னை நிழலில் கட்டிவிட்டு, மாட்டுக் கொம்புகளுக்கு வர்ணம் பூசப் போனார்கள். நானோ, ஒரு துண்டு எடுத்துத் துவட்டாமல், பெரியப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதிலை மனத்துக்குள் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

அரைமணி கழித்து அவர் வெற்றியோடு வந்தார். "பாத்தீங்களா, நடுக்கம் நின்னுபோச்சு. ஒடம்பு பழகிக்கிச்சு."

குளிர்ந்தால் நடுக்கம், நடுக்கம் இல்லை, ஆகவே குளிர் இல்லை. பரிசுகள் வாங்கிய என் மூளையும் இந்த அபத்தத்தை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

நாய் எழுந்து இரண்டடி வைத்தது. பின்னங்கால்கள் பின்னிக்கொள்ள, பக்கவாட்டில் சாய்ந்தது.

"நோம்பின்னு இதும் ஒரு கட்டிங் போட்டுருச்சாட்டம் இருக்குது!" நாய்க்கும் பண்டிகைப் போதை என்று உறவினர் ஒருவர் அடித்த பகடி. மறுபடியும் சிரிப்பு.

பெயர் சொல்லி அழைத்தேன். காது அசையவில்லை. மூச்சு வெகுநேரத்துக்கு ஒருமுறைதான் வந்தது. அப்போதுதான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

அங்கிருந்து வந்த பெரியம்மா குனிந்து நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்துக் கிடந்தது. காதையும் பாதத்தையும் தொட்டார். பின் கணவரைப் பார்த்தார்.

"வாய்க்குள்ளயே சில்லுனு கெடக்குது. உங்களுக்கு கண்ணு பொடனிலயாங்க இருக்குது? நடுங்கக்கூட தெம்பில்லாமத்தான் நடுக்கம் நின்னுருக்குது. மழைல நனைஞ்ச கன்னுக்குட்டி இப்படித்தான அடங்கும், பாத்ததில்லீங்களா?"

பார்த்திருக்கிறார். நாற்பது வருடம் மாடு வளர்த்தவர். தெரிந்ததைக்கூட வீம்புக்காக மறந்துவிடுகிற பெரியமனிதத்தனம் அது.

பெரியம்மா சீருக்கென்று வைத்திருந்த புதுச் சென்னிமலைப் போர்வையைப் பிரித்தார்.

"ஏய், அது சீருக்கு எடுத்ததுடி!"

"சீரு கெடக்குதுங்க."

துவட்டினார், சுற்றினார், வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் பொதிந்து நாயின் வயிற்றோரம் வைத்தார். அதற்குள் பெரியப்பா, ஆவி பறக்கும் வெந்நீர்க் குடத்தோடு ஓடிவந்தார்.

"ஊத்திப்போடாதீங்க, தோலு வெந்துபோகும்! போய் காரை எடுங்க. அம்மணி, நீ டாக்டருக்குப் போன் போடு."

போனில் கால்நடை மருத்துவரும், பெரியம்மா செய்ததையே செய்யச் சொன்னார். உடனே கொண்டுவரவும் சொன்னார். பெரியப்பா காரை ஓட்டினார். மடியில் போர்வைப் பொதியோடு நான் பின்னிருக்கையில் இருந்தேன். காலையிலிருந்து செதுக்கிய அத்தனை வாக்கியங்களும் அங்கே குப்பையாகக் கிடந்தன.

பாதி வழியில் பொதிக்குள் ஏதோ அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

கண்ணாடியில் பார்த்த பெரியப்பா அலறினார். "அய்யோ சாமி, மறுபடியும் நடுங்குதே!"

"நடுங்கட்டும். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.