உறுதிமொழிக்காரர்

“கையை நீட்டுங்க, எல்லாரும் நீட்டுங்க! ஒருத்தர் கை மேல ஒருத்தர் வைங்க!” என்று பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, எல்லாக் கைகளுக்கும் மேலே தன் கையை வைத்து அழுத்துகிறார். அவர் பயிற்சியாளர் அல்ல. திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். மகள் மல்யுத்தம் பழகுகிறாள், அவ்வளவுதான் சம்பந்தம். ஆனாலும் போட்டி நாளில் பயிற்சியாளர் வாய் திறப்பதற்குள் இவர் உறுதிமொழி எடுக்க வைத்துவிடுவார். “டீம்னா என்ன? குடும்பம்! ஜெயிச்சாலும் ஒண்ணு, தோத்தாலும் ஒண்ணு!” மற்ற பெற்றோர் அவருக்கு ‘உறுதிமொழி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கடைசிப் பிள்ளையின் ஆட்டம் முடியும்வரை யாரும் அரங்கை விட்டு நகரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சட்டம் போட்டவருக்கு மட்டும், மகளின் ஆட்டம் முடிந்த கையோடு கடையில் ஏதாவது அவசர வேலை முளைத்துவிடும். தோற்றுப்போன பிள்ளையைக் கண்டால் முதுகில் தட்டி, “டீமுக்காக இன்னும் கொஞ்சம் உயிரைக் கொடுத்திருக்கலாம்” என்பார். அவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். உயிரைக் கொடுப்பது எப்போதும் அடுத்தவர் வேலை.

மகளுக்கும், அதே கிளப்பில் பழகும் ஒரு பிளம்பரின் மகளுக்கும் ஒரே எடைப்பிரிவு. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடும் தோழிகள். மண்டலப் போட்டிக்கு ஒரு கிளப்பிலிருந்து அந்தப் பிரிவில் ஒருத்திதான் போக முடியும். தகுதிச் சுற்றில் பிளம்பரின் மகள் ஜெயித்தாள். மறுநாள் உறுதிமொழி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாரும்மா, நீ நல்லா சாப்பிட்டு அடுத்த வெயிட்டுக்குப் போயிடேன். டீமுக்காக விட்டுக்கொடுக்கணும் இல்ல?”

“அங்க இருக்கறவங்க என்னைத் தூக்கி எறிஞ்சிடுவாங்க அங்கிள். ஏற்கெனவே எனக்கு வலது முட்டி சரியில்ல.”

“அப்படியா? வெளிய சொல்லாத. இது நம்ம குடும்ப ரகசியம்.”

பிறகு பயிற்சியாளரிடம் போய் நின்றார். அந்தப் பெண்மணி, துவைத்துக் காய்ந்த உடைகளைப் பெஞ்சில் வைத்து மடித்தபடியே, “ஜெயிச்ச பொண்ணுதான் சார் போவா” என்று முடித்துவிட்டார். அந்த வாரமே உறுதிமொழி மகளை வேறு கிளப்பில் சேர்த்தார். அவள் போக மாட்டேன் என்று அழுதாள். “அங்க உனக்கு மரியாதை இல்லம்மா” என்றார்.

புது இடத்திலும் முதல் நாளே பிள்ளைகளை வட்டமாக நிறுத்தியாயிற்று. “டீம்னா குடும்பம்!” வீட்டில் மனைவி மட்டும் கேட்டாள்: “இது எத்தனாவது குடும்பம்?” அவருக்குக் கேள்வி புரியவில்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. விசுவாசம் என்பது, தான் நிற்கிற பக்கத்துக்கு மற்றவர்கள் காட்ட வேண்டிய ஒன்று என்று மனசார நம்புகிறவர் அவர்.

மண்டலப் போட்டியின் அரையிறுதியில் தோழிகள் இருவரும் எதிரெதிரே வந்து நின்றார்கள். கடைசி நிமிடம் வரை புள்ளிகள் சமம். உறுதிமொழியால் உட்கார முடியவில்லை. தடுப்புக் கம்பியில் வயிறு அமுங்க எட்டிக் கத்தினார்.

“வலது முட்டியைப் பிடி! அவளுக்கு வலது முட்டி வீக்! அங்கயே இழு!”

பாதி அரங்குக்குக் கேட்டது. எதிர்ப்பக்கம் பிளம்பர் எழுந்து நின்றுவிட்டார். அவர் மகள் நிமிர்ந்து அங்கிளைப் பார்த்தாள். உறுதிமொழியின் மகளும் பார்த்தாள். சொந்த மகள் தன்னை அப்படிப் பார்த்து அவர் கண்டதில்லை.

தோழியின் வலது கால் மகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை. இடது காலுக்கே பாய்ந்தாள். மறுபடியும் இடது கால். எங்கே வருவாள் என்று தெரிந்தபின் தடுப்பது பெரிய காரியமா? ஒரு புள்ளியில் தோற்றாள். நொண்டிய தோழிக்குத் தோள் கொடுத்து, புது கிளப்பின் நாற்காலிகளைத் தாண்டி நடத்திப் போய், பழைய பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பழைய பயிற்சியாளர் ஒன்றும் கேட்காமல் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார்.

புது கிளப் பயிற்சியாளர் தடுப்புக் கம்பி அருகே வந்தார். “இனிமே நீங்க உள்ள வராதீங்க சார். பொண்ணை மட்டும் அனுப்புங்க. அவ வந்தா.”

உறுதிமொழியின் முகம் சுண்டிப்போயிற்று. அப்போது பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா, “என்ன தங்கமான பொண்ணு! யார் வளர்ப்போ!” என்றாள். சுண்டிய முகம் சட்டென்று மலர்ந்தது.

“நம்ம பொண்ணுதாங்க. டீம் ஸ்பிரிட்டுன்னா என்னன்னு நான் ஊட்டி ஊட்டி வளர்த்தது” என்றபடி போனை எடுத்தார். தலை சாய்த்து உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பெண்களுக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். முடியைக் கோதிவிட்டு, தன் முகம் நடுவில் வரும்படி போனை உயர்த்திப் பிடித்துச் சிரித்தார்.