குங்குமத்தின் மேல் போட்ட பழி

ஒழுங்காக ஓடும் எதையும் சும்மா விட்டுவைக்கும் குணம் எனக்குக் கிடையாது. கடிகாரம் ஓடினால் எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்ப்பேன். அதோடு அது நின்றுவிடும். ஊரில் யாராவது இதைச் சொல்லிச் சிரித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். என் மனைவி சிரித்தால் மட்டும் வராது.

உலகச் சண்டைக்காலத்தில் என்னிடம் ஒரு பழைய லாரி இருந்தது. நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக்கரையில் விளையும் வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு, ராசிபுரம் வழியாகச் சேலத்தில் கொண்டுபோய் இறக்குவேன். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் எல்லாரையும் போல நானும் வண்டியில் கரி அடுப்பைப் பொருத்தினேன். கரியிலிருந்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். ஓடும் என்றுதான் பேர். சமதரையில் எப்படியோ போய்விடும். மேட்டைக் கண்டால் உட்கார்ந்துவிடும்.

சேலத்துப் பட்டறைக்காரர் ஒருவர், எஞ்சினுக்குள் பொறி தட்டும் பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் குறுக்கினால் கரி வாயுவுக்குப் பொறி நன்றாக விழும் என்றார். அதற்குமேல் எதையும் தொட வேண்டாம் என்றும் சொன்னார். முதலில் சொன்னது மட்டும்தான் என் காதில் ஏறியது. முனையையே அரத்தால் ஊசி போல ராவிவிட்டால் பொறி இன்னும் வேகமாகப் பாயும், வண்டி மேட்டில் பறக்கும் என்று என் மூளை எனக்குச் சொல்லிற்று. அந்த மூளையின் மேல் எனக்கு அப்போது அபார மதிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, ஆறு பிளக்குகளையும் கழற்றி ராவ ஆரம்பித்தேன். நான்கு முடிந்ததும் அரம் மழுங்கிவிட்டது. மற்ற இரண்டில் இடைவெளியை மட்டும் குறுக்கி வைத்தேன். மனைவி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெளியே தெரியும் வெள்ளைப் பீங்கானில் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு வைத்தாள். ஏரோ தராசோ, வெள்ளிக்கிழமை கழுவிய சாமான் பொட்டில்லாமல் வேலைக்குப் போகக் கூடாது அவளுக்கு. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

அவள் கைக்கு ராசி உண்டு என்பது அவள் அண்ணனின் உறுதியான எண்ணம். அவருக்கு ஆற்றோரத்தில் வாழைத்தோட்டம். வருஷா வருஷம் கன்று நடும் நாளுக்கு முன்னால் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளை அழைத்துப்போவார். முதல் கன்றை அவள் கையால்தான் நடவேண்டும். “என்ற தங்கச்சி கை பட்டாத்தான் குலை தள்ளுமுங்க மாப்ள” என்பார். நட்டுவிட்டுப் பத்து நாள் பிறந்த வீட்டில் இருந்து வருவாள். மற்ற மாதங்களை எல்லாம் அந்தப் பத்து நாளை எண்ணித்தான் அவள் கழித்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

அன்று சாயங்காலம் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். ஜோராகப் போயிற்று. மறுநாள் மச்சானின் தார்களையே ஏற்றினேன். அவரும் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் பிளக்கை ராவிய பெருமையை அளந்துகொண்டே ஓட்டினேன். ராசிபுரத்துக்கு முன்னால் உள்ள மேட்டில், பாதி ஏறியதும் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தி இறங்கினார்கள்.

“ஏனுங்க, மாட்டப் பூட்டோணுங்களா?” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சான் சிரிக்கவில்லை. “என்னமோ ராவுனேன்னீங்களே மாப்ள, அதனால ஏதாச்சும் ஆயிருக்குமுங்களா?” என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அத்தனை பேர் நடுவில் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. “ராவுனதுல ஒரு கோளாறும் இல்லீங்க மச்சான். உங்க தங்கச்சி பீங்கான்ல குங்குமத்த வெச்சுப்போட்டா. கரண்டு அது வழியா எறங்கிப் போயிருது” என்றேன். சொன்ன நேரத்தில் நானே அதைப் பாதி நம்பினேன்.

தார்களை மாட்டுவண்டிகளுக்கு மாற்றி அனுப்பினோம். அவை சேலம் போய்ச் சேர்வதற்குள் பாதி கறுத்துவிட்டன. லாரியை மாடுகள் வீட்டுக்கு இழுத்து வந்தன.

மறுநாள் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நான் ராவிய நான்கிலும் முனை சூட்டில் தீய்ந்து கரைந்து போயிருந்தது. பொறி தாவ முடியாத அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. ராவாமல் விட்ட இரண்டும் பழுதில்லாமல் இருந்தன. அந்த இரண்டிலும் அவள் வைத்த பொட்டு இருந்தது. இதற்குமேல் யாரும் எனக்கு எதையும் விளக்கவேண்டியதில்லை.

பரணில் கிடந்த பழைய பிளக்குகளில் நான்கைத் துடைத்து மாட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது. வண்டி என்ன ஆயிற்று என்று விசாரிக்க வந்த மச்சான், “சரியாப் போச்சுங்களா?” என்றார்.

“குங்குமத்தத் தொடச்சுப்போட்டேன் மச்சான். இப்பப் பாருங்க எப்பிடி ஓடுதுன்னு.”

மேட்டில் சொன்னது கோபத்தில் வந்தது. அதை ஒருவிதமாக மன்னித்துக்கொள்ளலாம். இதை நிதானமாக, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உள்ளே சமையலறையில் அவள் இருந்தாள்.

அடுத்த நடவுக்கு மச்சானின் வண்டி வரவில்லை. அவள் இரண்டு சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் காத்திருந்தாள். வேறொரு பெண்ணை வைத்து நடவு முடிந்துவிட்டதென்று கடைசியில் மோர்க்காரி வந்து சொன்னாள்.

“அண்ணன் மறந்துபோட்டாருங்களாட்ட இருக்குது” என்றாள் மனைவி என்னிடம்.

“வேல மும்முரமா இருந்திருக்கும்” என்றேன்.

மச்சான் வீட்டுக்கு வராமல் போகவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்தார், மோர் குடித்தார், அம்மிணி அம்மிணி என்று அவளிடம் பிரியமாகத்தான் பேசினார். அவள் கை ராசியின் மேல் இருந்த நம்பிக்கைதான் போய்விட்டது; நடவுக்கு மட்டும் அழைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அவர் தோட்டத்தை ஒட்டித்தான் லாரி ஓட்டினேன். நிறுத்தி இறங்கி, ‘தப்பு என்னுது மச்சான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒவ்வொரு முறையும் அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சண்டை முடிந்தது, கரி அடுப்பைக் கழற்றி எறிந்தேன், அப்போதும் சொல்லவில்லை. வெட்கங்கெட்ட பயம்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மச்சான் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்து வீடு திரும்பிய வாரம், அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ராவிய நான்கு, ராவாத இரண்டு, துடைத்துவிட்டதாகச் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது.

அவள் முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இத எனக்கு எதுக்குங்க சொல்றீங்க?” என்றாள். “குங்குமம் அப்பிடிப் பண்ணாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? எங்கண்ணனுக்குத்தானுங்க தெரியாமப் போச்சு.”